நோய்க்காலத்தில் வானொலி: கேட்கும் பழக்கம் எப்படி இடம் மாறுகிறது?

கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச்சு வந்தால், "அப்போ எல்லாரும் ரேடியோதான் கேட்டாவ" என்று குமரி மாவட்டத்தில் சிலர் சொல்வார்கள். "ஆரு கேட்டா? எல்லாரும் போனுல்லா பாத்துட்டு இருந்தாவ" என்று வேறு சிலர் மறுப்பார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எப்படி என்று புரிய, 'கேட்கும் பழக்கம்' என்பதில் என்னென்ன அடங்கும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வானொலி கேட்கிறார் என்பது அதில் ஒரு பகுதி மட்டும்தான். எங்கே இருந்து கேட்கிறார், எந்த நேரத்தில், எந்தக் கருவியில், யாரோடு சேர்ந்து, என்ன வேலை செய்துகொண்டே, எதற்காக, கேட்டதை எவ்வளவு நம்புகிறார், எல்லாம் சேர்ந்ததுதான் பழக்கம். ஒரு நோய் ஊரையே முடக்கும்போது இவை எல்லாம் ஒரே திசையில் மாறுவதில்லை. நேரம் கூடலாம், கேட்கும் ஆட்கள் குறையலாம். பாட்டுக் கேட்பு குறைந்து செய்திக் கேட்பு கூடலாம். சில வாரங்களில் அதுவே தலைகீழாகவும் ஆகலாம்.

சாதாரண நாளில் இருந்து தொடங்குவோம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் கத்தி, சட்டைப்பையில் போன், போனில் பண்பலை. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், கை மரத்துக்கு மரம் போய்க்கொண்டே இருக்கும். நடுவே செய்தி வந்தால் காது பாதிதான் அதில் நிற்கும். மார்த்தாண்டம் போகும் வண்டியில் ஓட்டுநர் வைத்ததை அத்தனை பயணிகளும் கேட்பார்கள். சாயக்கடை என்று இங்கே சொல்லும் டீக்கடையிலும் தையல்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் முதலாளி வைத்ததுதான். வீட்டில் என்றால் சமையலறையில் காலை வேலை முடியும்வரை ஒலிக்கும், பிறகு பெட்டியை அணைத்துவிடுவார்கள்.

இவர்களில் முக்கால்வாசிப் பேர் வானொலியைத் தேடிப் போனவர்கள் இல்லை. வேலை நடக்கும் இடத்தில், போகும் வழியில் அது இருந்தது, அதனால் கேட்டார்கள். இதைப் பின்னணிக் கேட்பு என்று சொல்லலாம். ஒரு நிகழ்ச்சிக்காக நேரம் பார்த்து உட்கார்ந்து கேட்பது கவனக் கேட்பு. இந்த இரண்டின் வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

<b>இடங்கள் மூடியபோது</b>

2020 மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுக்க 144 தடை உத்தரவு. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை, அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரி ஆலையும் இல்லை. தமிழகத்தில் டீக்கடைகள் பார்சலுக்காவது திறக்க மே 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, பின்னணிக் கேட்பு நடந்துகொண்டிருந்த இடங்கள் ஒரேயடியாக மூடிக்கொண்டன. அந்த இடங்களில் மட்டும் வானொலி கேட்டுவந்த ஒருவருக்கு, வீட்டில் பெட்டி இல்லையென்றால், கேட்பு அன்றோடு நின்றுபோனது. "ஆரு கேட்டா?" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

வீட்டில் பெட்டி இருந்தவர்களுக்கோ நடந்தது வேறு. காலையில் ஒரு மணி நேரம் ஒலித்த பெட்டி நாள் முழுக்க ஒலித்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை ஒரு கால்வாயில் அடைத்தால் இன்னொரு கால்வாயில் கூடுதலாகப் போவதுபோல, சாலையிலும் கடையிலும் அடைபட்ட கேட்பு வீட்டுக்குள் திரும்பியது.

இதற்கு எண்கள் உண்டா என்றால், உண்டு, ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டியவை. 2020 ஏப்ரலில், தனியார் வானொலி உரிமையாளர் சங்கத்துக்காக ஏஇசட் ரிசர்ச் நிறுவனம் மும்பை, டெல்லி உட்பட ஆறு பெருநகரங்களில் எடுத்த கணக்கெடுப்பில், வீட்டில் இருந்து கேட்பவர்கள் 64 சதவீதத்திலிருந்து 86 சதவீதமாக உயர்ந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சில் கேட்டபோது, முன்புபோலவோ முன்பைவிட அதிகமாகவோ வானொலி கேட்பதாக 83 சதவீதம் பேர் சொன்னார்கள். கவனியுங்கள், 'முன்புபோலவோ' என்ற சொல் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 83 பேரும் கூடுதலாகக் கேட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. முதல் கணக்கெடுப்போ வானொலிக்காரர்களே செலவு செய்து எடுத்தது, அதுவும் பெருநகரங்களில். திசையைக் காட்ட இவை போதும். தக்கலையிலோ கொல்லங்கோட்டிலோ எவ்வளவு என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நோய் கேட்கும் பழக்கத்தை மாற்றியதோடு, அதை அளக்கும் வழியையும் அடைத்துவிட்டது. பிரிட்டனில் ராஜர் என்ற அமைப்பு வீடு வீடாக ஆள் அனுப்பி வானொலிக் கணக்கு எடுத்துவந்தது. 2020ல் வீட்டுக்குள் ஆள் போக முடியாததால் அந்தக் கணக்கெடுப்பே நின்றது. இந்தியாவில் வானொலிக்கான தொடர் அளவீடு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு நகரங்களுக்குத்தான் இருந்தது. குமரி போன்ற மாவட்டங்கள் அந்தக் கணக்கில் எந்த நாளும் இருந்ததில்லை.

நேரமும் நகர்ந்தது. வானொலிக்கு உச்ச நேரம் என்பது காலை வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நேரமும், மாலை திரும்பும் நேரமும். எல்லா நிலையங்களும் தங்கள் நல்ல நிகழ்ச்சிகளை அங்கேதான் வைக்கும், விளம்பரக் கட்டணமும் அங்கேதான் அதிகம். கிளம்பவே வேண்டாம் என்றானபின் காலை உச்சம் தாமதமானது, மதியம் உயர்ந்தது. பகல் 11 மணிக்கு யாரும் கேட்கமாட்டார்கள் என்று பழைய பாட்டை ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் குடும்பமே பெட்டி பக்கம் இருந்தது.

<b>புயல் வேறு, நோய் வேறு</b>

பேரிடர் என்றால் வானொலி என்று நாம் பழகியிருக்கிறோம். குமரிக்காரர்களுக்கு அது இன்னும் நெருக்கமான அனுபவம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மரங்கள் முறிந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிவி ஓடாது, போன் சார்ஜ் தீர்ந்துவிடும், டவரும் கிடைக்காது. பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டிக்கு அங்கே போட்டியே இல்லை. மற்றவை எல்லாம் செயலிழப்பதால் வானொலி மேலே வருகிறது.

நோய்க்காலத்தில் கதை அப்படி இல்லை. கொரோனாவின்போது மின்சாரம் இருந்தது, டிவி ஓடியது, இணையம் இருந்தது. வாட்ஸ்அப் இருபத்து நாலு மணி நேரமும் கூவிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் வானொலியைத் திருப்பினார் என்றால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். மற்ற ஊடகங்கள் தராத ஏதோ ஒன்று அதில் கிடைத்திருக்க வேண்டும். நோய்க்கால வானொலியைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புயல்கால அனுபவத்தை அப்படியே நோய்க்காலத்துக்குப் பொருத்தினால் தவறாகிவிடும்.

சான்ட்ரா பால்-ரோகீச், மெல்வின் டிஃப்லூர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1976ல் 'ஊடகச் சார்பு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். சுற்றி என்ன நடக்கிறது என்று புரியாமல், நேரில் போய் விசாரிக்கவும் வழி இல்லாமல் போகும்போது, மக்கள் ஊடகத்தை அதிகமாகச் சார்ந்திருப்பார்கள் என்பது அதன் சாரம். நோய்க்கு இது அச்சாகப் பொருந்துகிறது. புயலில் விழுந்த மரம் கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. பக்கத்துத் தெருவில் யாருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், இன்று வெளியே போகலாமா என்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். வழக்கமாக அதைச் சொல்லும் சாயக்கடையும் சந்தையும் கோயில் முற்றமும் அப்போது மூடிக் கிடந்தன.

<b>முதலில் செய்தி, பிறகு பாட்டு</b>

சரி, சார்பு கூடியது என்றால் எல்லாரும் நாள் முழுக்கச் செய்தி கேட்டார்களா? முதல் சில வாரங்கள் கேட்டார்கள். அப்புறம் களைப்பு வந்தது. உலகம் முழுக்க இதே வரிசைதான். முதலில் செய்திக்கு ஒரு பெரிய பாய்ச்சல், சில வாரங்களில் சலிப்பு, பிறகு செய்தியை வேண்டுமென்றே தவிர்ப்பது.

தமிழகத்தில் அன்றாடம் மாலையில் சுகாதாரத் துறை கணக்குச் சொல்லும். இன்று புதிதாக இத்தனை பேர், குணமானவர்கள் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர், மாவட்ட வாரியாக. எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, ஊரடங்கின் முதல் வாரங்களில் அந்த நேரத்துக்குப் பெட்டியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவைத்துக் கேட்பார். கன்னியாகுமரி என்ற பெயர் வரும்வரை கையை உயர்த்தி வீட்டில் யாரையும் பேசவிடமாட்டார். மே மாதம் வந்ததும் அதே பாட்டி பேத்தியிடம், "எண்ணம் சொல்லி முடிச்சாச்சா மக்களே? முடிஞ்சா கூட்டி வை, பாட்டு வரும்" என்பார். எண்ணம் என்று அவர் சொல்வது அந்த எண்ணிக்கையை. பெட்டி அதேதான், இருந்த இடமும் அதேதான், கேட்ட காரணம் மாறிவிட்டது. வெறும் மணிக்கணக்கு எடுத்தால் இந்த மாற்றம் அதில் விழாது.

இந்த இரண்டாம் கட்டத்தில் வானொலி தருவது துணை. மகனும் மகளும் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, தனியாக இருக்கும் முதியவர்கள் குமரியில் ஏராளம். வயதானவர்கள் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் மூடியாகிவிட்டது. வீட்டில் ஒரு மனிதக் குரல் ஒலித்துக்கொண்டிருப்பதே பெரிய ஆறுதல். டிவிக்குக் கண் வேண்டும், உட்கார வேண்டும். வானொலி கேட்டுக்கொண்டே கீரை ஆயலாம், படுத்திருக்கலாம். கண் மங்கியவர்களுக்கு அதைவிட நல்ல துணை அந்த நாட்களில் இல்லை.

<b>அருகில் இருந்து வரும் குரல்</b>

மற்ற ஊடகங்கள் தராத ஒன்று என்று மேலே சொன்னேனே, அதில் துணை ஒரு பாதி. மறுபாதி, உள்ளூர்த் தகவல். குமரி மாவட்டத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 15 அன்று மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரப்பர் தோட்டங்களிலும், முந்திரி பதப்படுத்தும் இடங்களிலும் பாதித் தொழிலாளர்களை வைத்து வேலை செய்யலாம் என்று அதில் இருந்தது. இரண்டும் குமரியின் பிழைப்பு. டெல்லிச் செய்தியில் இதைக் கேட்ட அண்டி ஆபீஸ் பெண்ணுக்கு உடனே எழும் கேள்வி, "அப்போ நாளைக்கு நான் வேலைக்குப் போகலாமா?" அதற்கு டெல்லிச் செய்தியில் பதில் இல்லை. மத்திய விதியை மாநிலம் இன்னும் கடுமையாக்கலாம். அதற்குமேல் மாவட்ட ஆட்சியரின் உத்தரவு இருக்கும். உங்கள் ஊர் கட்டுப்பாட்டுப் பகுதி என்றால் எந்தத் தளர்வும் கிடையாது. நான்கு அடுக்கு விதிகள், கடைசி அடுக்கில்தான் ஒருவருடைய அன்றாடம் இருக்கிறது. அந்தக் கடைசி அடுக்கைச் சொல்வது உள்ளூர்க் குரல் மட்டுமே.

எல்லைப்புறத்தில் இது இன்னும் சிக்கல். விளவங்கோடு வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும், திருவனந்தபுரம் நிலையங்கள் தெளிவாக எடுக்கும். களியக்காவிளையில் சோதனைச்சாவடி. அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு விதி, வேறு அனுமதிச் சீட்டு. ஆனால் குமரிக்காரர்களின் பெரிய வைத்தியம் எத்தனையோ தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில்தான். மண்டல புற்றுநோய் மையத்திலும் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையிலும் மாதாமாதம் போய் மருந்து வாங்குகிறவர்கள் பலர். எல்லை அடைத்தபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்: நோயாளியை ஏற்றிய வண்டி தாண்ட முடியுமா, என்ன காகிதம் காட்ட வேண்டும். இதற்காகவே இரண்டு மொழியிலும் செய்தி கேட்டவர்கள் உண்டு. மாலையில் கேரள முதல்வரின் செய்தியாளர் சந்திப்பும், தமிழக சுகாதாரத் துறைக் கணக்கும், இரண்டும் ஒரே வீட்டில்.

இது கொரோனாவோடு முடிந்ததும் இல்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தபோதும், 2021 ஜூலையில் களியக்காவிளையை ஒட்டிய பாறசாலையில் ஜிகா காய்ச்சல் கண்டறியப்பட்டபோதும் எல்லையில் இதே பதற்றம். ஜிகா பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மாநில எல்லை தெரியாது. மாநிலச் செய்தி சென்னையை மையமாக வைத்துப் பேசும்போது, பாறசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு அது எங்கோ கேரளத்தில் நடப்பதுபோல ஒலிக்கும்.

இந்த இடத்தில் நாகர்கோவிலுக்கு ஒரு பெருமை உண்டு. 1984 அக்டோபர் 30 அன்று இங்கே தொடங்கிய நிலையம்தான் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். அகில இந்திய வானொலி தேசிய நிலையம், மாநில நிலையம், உள்ளூர் நிலையம் என்று மூன்று அடுக்காக வளர நினைத்தபோது, மூன்றாம் அடுக்கின் முதல் அடி இந்த மாவட்டத்தில் வைக்கப்பட்டது. இன்று 101 மெகாஹெர்ட்ஸில் குமரி பண்பலையாகக் கேட்பது அதுதான். மலை, வயல், கடல் மூன்றும் நெருங்கிக் கிடக்கும், பேச்சுமொழியே தாலுகாவுக்குத் தாலுகா மாறும் ஒரு சின்ன மாவட்டத்துக்குத் தனிக் குரல் வேண்டும் என்று அன்று யோசித்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

உள்ளூர்த் தகவலைத் தனியார் பண்பலைகள் சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் 2011ல் வந்த மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கையில், உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சார அறிவிப்புகள், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்றவற்றைச் 'செய்தி' என்று கணக்கிடுவதில்லை. ஆகவே எந்தத் தொகுப்பாளரும் இரண்டு பாட்டுக்கு நடுவே தடுப்பூசி முகாம் எங்கே என்று சொல்லலாம். 2021 செப்டம்பர் 12 முதல் தமிழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய தடுப்பூசி முகாம்கள் நடந்தபோது இந்த வகை அறிவிப்புக்கு நல்ல வேலை இருந்தது.

அறிவிப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் கேட்பை மாற்றும். "மாவட்ட சுகாதாரத் துறையின் சார்பில் நடத்தப்படும் சிறப்பு முகாமானது" என்று தொடங்கினால், ஊர்ப் பெயர் வருவதற்குள் காது போய்விடும். "குளச்சல்காரர்களே" என்று தொடங்கினால் குளச்சலில் இருப்பவர் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்புவார். பிறகு நாள், நேரம், இடம், என்ன கொண்டுவர வேண்டும். கடைசியில் ஊரையும் நேரத்தையும் இன்னொரு முறை. காகிதத்தில் படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம், கேட்பவரால் முடியாது. பின்னணிக் கேட்பில் இருக்கும் ஒருவரை ஒரு நொடியில் கவனக் கேட்புக்கு இழுப்பது இந்த ஊர்ப் பெயர்தான்.

<b>வதந்தி</b>

2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி போனில் பரவி, கோழி விலை படுபாதாளத்துக்குப் போனது. நிபாவின்போது பழம் வாங்கவே பயந்தார்கள். போனில் வரும் வதந்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அதுவும் தெரிந்தவரிடமிருந்தே வருகிறது. அதனால்தான் அதை நம்புகிறோம். வானொலி நேர்மாறு. சொல்பவர் யார் என்று தெரியும், ஒரே நேரத்தில் எல்லாரும் அதையே கேட்கிறார்கள், தவறாகச் சொன்னால் கேட்டவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். அது வதந்தியை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர், "ரேடியோவுல அப்படிச் சொல்லலியே" என்று சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கிறது, அவ்வளவுதான். நெருக்கடியில் அதுவே நிறைய.

அந்த நம்பிக்கை நெருக்கடி வந்த அன்று முளைப்பதில்லை. பல ஆண்டுகள் வேளாண் நிகழ்ச்சியும் கடல் நிலவரமும் நேயர் விருப்பமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான் தடுப்பூசி பற்றி அது சொல்லும்போது காது கொடுக்கிறார்கள். சாதாரண நாட்களில் உள்ளூர் நிகழ்ச்சிகளைக் குறைத்து, வெளியூர் நிகழ்ச்சியை வாங்கி ஓட்டினால், நெருக்கடி நாளில் அந்த நிலையத்துக்குச் சொல்ல விஷயம் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. உள்ளூர் நிலையங்களுக்கு ஆளும் பணமும் குறைக்கப்படும்போதெல்லாம் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

<b>கருவியும் அலையும்</b>

போனில் பண்பலை கேட்க இயர்போன் செருக வேண்டும். அதன் கம்பிதான் ஏரியல், இணையம் வேண்டாம், காசு செலவில்லை. ஊரடங்கில் இயர்போன் அறுந்தால் வாங்கக் கடை இல்லை, பெட்டி கெட்டால் சரிசெய்ய ஆள் இல்லை, பேட்டரி தீர்ந்தால் அதற்கும் அலைய வேண்டும். அதோடு, கம்பி செருகிக் கேட்பது ஒருவருக்கானது, பெட்டியில் கேட்பது வீட்டுக்கானது. அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் செயலி வந்தபின், துபாயில் இருப்பவரும் ஊர் நிலையத்தைக் கேட்கலாம் என்றானது. ஊரடங்கில் விமானம் நின்றுபோய் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடலுக்குப் போகிறவர்களுக்குப் பண்பலை பாதி வழிவரைதான் துணை. பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு குறுக்கிட்டதும் மங்கிவிடும். மத்திய அலை நிலப்பரப்பையும் கடல்பரப்பையும் ஒட்டிப் பரவும், இரவில் வானில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு போகும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். ஊரடங்கு அறிவித்த நாளில் கடலில் இருந்தவர்களுக்குக் கரையில் என்ன விதி என்று தெரிய இந்த அலை வேறுபாடு முக்கியம். ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் 2020 ஜூலை 1 அன்று ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள். அதுவரை அவர்கள் வீடுகளில் செய்தி நேரம் என்றால் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

<b>பள்ளி மூடினால்</b>

நோய்க்காலத்தில் வானொலிக்குப் புதிதாக வரும் நேயர்களில் பெரிய கூட்டம் பிள்ளைகள். இது கொரோனாவில் தொடங்கியது அல்ல. 1937ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் போலியோ பரவிப் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, அங்குள்ள வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கிக் கால் மணி நேரப் பாடங்களாக ஒலிபரப்பின. எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம், என்ன படிக்க வேண்டும் என்று நாளிதழ்கள் அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் இருந்தார்கள். குறைகளும் அன்றே தெரிந்தன: சில வீடுகளில் ஒலி தெளிவில்லை, சில பிள்ளைகளுக்குப் பாடம் வேகமாக ஓடிவிட்டது, ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் பெட்டி ஒன்று. 2014ல் எபோலா வந்தபோது சியரா லியோனிலும் வானொலிப் பாடம் நடந்தது. கொரோனாவில் அகில இந்திய வானொலியின் பல நிலையங்களும் பாடம் நடத்தின. பிள்ளைகள் எல்லாரும் கேட்டுப் படித்தார்கள் என்று சொன்னால் மிகை. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்ற வீடுகளுக்கு அது ஒரு வழியாக இருந்தது.

<b>கேட்பு கூடியது, வருமானம் விழுந்தது</b>

நேயர்கள் கூடினால் நிலையத்துக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். நடந்தது வேறு. கடை மூடியிருக்கும்போது நகைக்கடையும் துணிக்கடையும் ஏன் விளம்பரம் கொடுக்கப் போகின்றன? 2020ல் இந்திய வானொலித் துறையின் வருமானம் பாதிக்கும் மேல் சரிந்தது. ஊர்க்கடைகளின் விளம்பரத்தையே நம்பியிருக்கும் ஊடகம் என்பதால் அடி பலமாக விழுந்தது. மக்களுக்கு அதிகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் நிலையங்கள் ஆட்குறைப்பு செய்தன.

<b>பிறகு</b>

சாலை திறந்ததும் பெரும்பாலான கேட்பு பழைய இடத்துக்கே திரும்பியது. வண்டியில் பாட்டு, தோட்டத்தில் பாட்டு, காலையில் சமையலறை. தங்கிப்போனவையும் உண்டு. அஞ்சலட்டையில் பாட்டுக் கேட்டவர்கள் குரல்பதிவு அனுப்பப் பழகினார்கள். செயலி வழியாக ஊர் நிலையத்தைப் பிடித்த வெளியூர்க்காரர்களில் சிலர் அதை விடவில்லை. பரணில் கிடந்த பெட்டியைத் துடைத்து எடுத்த வீடுகளில் சிலவற்றில் அது திரும்பப் பரணுக்குப் போகவில்லை.

உங்கள் தெருவில் இதைத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெவ்வேறு வயதில், வெவ்வேறு வேலையில் இருக்கும் பத்துப் பேரிடம் பேசுங்கள். "அப்போது எவ்வளவு நேரம் கேட்டீர்கள்" என்று தொடங்கவேண்டாம், யாருக்கும் அது சரியாக நினைவிருக்காது. ஊரடங்குக்கு முன் எங்கே வைத்துக் கேட்டீர்கள், அது மூடியபின் எங்கே கேட்டீர்கள், வீட்டில் யார் பெட்டியை வைத்தார்கள், யார் அணைக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அப்புறம், வானொலியில் கேட்ட ஏதாவது ஒன்றை வைத்து ஒரு காரியம் செய்தது உண்டா என்று கேளுங்கள். முகாமுக்குப் போனது, எல்லைக்குப் போகாமல் இருந்தது, ஒரு எண்ணுக்குப் போன் செய்தது, எதுவாகவும் இருக்கலாம். கணக்கெடுப்புகள் கேட்காமல் விடுகிற கேள்வி அது, சுகாதாரத் துறைக்கும் நிலையத்துக்கும் மிகவும் உதவுகிற பதிலும் அதிலிருந்தே கிடைக்கும்.